அன்பின் விருந்தும் பார்சல் சாப்பாடும்

எங்கள் சபை அறிவிப்புப் பலகையில் ஆறு ஐக்கியங்களின் பெயர் இருக்கிறது. பெண்கள் ஐக்கியம், ஆண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், மூத்தோர் ஐக்கியம், தம்பதியர் ஐக்கியம், ஏரியா வாரியான வீட்டு ஜெப ஐக்கியம். ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலர், பொருளாளர், ஒரு வாட்ஸாப் குழு, வருஷத்துக்கு ஒரு ஆண்டு விழா, விழாவுக்கு ஒரே நிறத்தில் சேலை அல்லது சட்டை. கணக்கு வழக்கில் குறை சொல்ல முடியாது. மினிட்ஸ் புத்தகத்துக்கு பிரவுன் அட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். எந்த ஐக்கியம் எத்தனை கூட்டம் நடத்தியது, எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு காணிக்கை, எத்தனை வேத வினாடி வினா, வேளாங்கண்ணி தாண்டி எத்தனை சுற்றுலா, எல்லாம் போன வருஷத்து ஆண்டறிக்கையில் இருந்தது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது மட்டும் இல்லை.

அதையெல்லாம் யாராவது எழுதி வைப்பார்களா என்று கேட்பீர்கள். எழுதி வைத்தார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் புராட்டஸ்டன்ட் சபைகள் அக்கறையாகப் பார்த்த கணக்குகளில் முதலாவது அதுதான். அந்தக் கணக்கை இழுத்து மூடிவிட்டு, அது இருந்த இடத்தில் இந்த ஆறு ஐக்கியங்களைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு.

நாம் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இன்று பலகையில் தென்னிந்தியத் திருச்சபை என்று இருந்தாலும், திண்டிவனம், செஞ்சி, ஆரணி, ஆற்காடு, வேலூர் வட்டாரத்துப் பழைய சபைகள் ஆங்கிலிக்கன் வழியில் வந்தவை அல்ல. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபை அனுப்பிய ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியில் வந்தவை. ஸ்காட்லாந்தில் பிரஸ்பிட்டீரியன் என்று சொல்வதைத்தான் ஹாலந்தில் ரிஃபார்ம்டு என்றார்கள். கால்வினுடைய ஒரே குடும்பத்தின் இரண்டு வீடு. சென்னையிலும் செங்கல்பட்டிலும் வேலை செய்த ஸ்காட்லாந்து மிஷனும் இந்த ஆற்காடு சபையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றாகி, 1908இல் காங்கிரிகேஷனல் சபைகளோடு சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும் கூடச் சேர, இன்றைய திருச்சபை பிறந்தது. எங்கள் பழைய சபையின் பெயரிலேயே ‘ஐக்கிய’ இருந்தது. அப்போது அந்தச் சொல் ஒரு கமிட்டியைக் குறிக்கவில்லை.

பிரஸ்பிட்டீரியன் என்ற பெயரே மூப்பர் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிஷப் இல்லை, சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் போதகரோடு சமமாக உட்கார்ந்து சபையை நடத்துவார்கள். கூலி வேலை செய்பவரும் மூப்பராகலாம். இன்று திருச்சபையில் ‘பிரஸ்பிட்டர்’ என்றால் பட்டம் பெற்ற ஆயர் மட்டும்தான். சபையாரிடமிருந்த சொல் மேடைக்குப் போய்விட்டது. சபையாருக்கு மிஞ்சியது ‘கமிட்டி மெம்பர்’. (கிராமங்களில் ஆயரை இன்னமும் ‘ஐயரு’ என்றும் அவர் மனைவியை ‘ஐயரம்மா’ என்றும் கூப்பிடுகிறார்கள். சாதியை விட்டுவிட்டு வா என்று கூப்பிட்ட மதத்தில் குருவுக்கு இப்படி ஒரு பெயர் எப்படி ஒட்டியது என்று யாராவது தனியாக எழுத வேண்டும்.)

இன்னொரு விஷயமும் இவர்களுக்கே உரியது. ஆங்கிலிக்கன் கோயிலில் திருவிருந்தை முழந்தாள்படியிட்டு வாங்குவார்கள். ஸ்காட்லாந்திலும் ஹாலந்திலும் நீள மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்து ஆள் கையிலிருந்து அப்பத்தை வாங்கி அடுத்த ஆளிடம் நீட்ட வேண்டும். 1618இல் ஜேம்ஸ் ராஜா பெர்த் நகரத்துப் பொதுச்சபை வழியாக முழந்தாளிடும் முறையைக் கொண்டுவந்தபோது ஸ்காட்லாந்தில் பலர் முரண்டு பிடித்தார்கள். விருந்துக்கு வந்தவன் எதற்கு மண்டியிட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அங்கே அது ராஜாவோடு சண்டை. அதே மேஜையைத் தமிழ்நாட்டில் கொண்டுவந்து போட்டால் அது வேறு சண்டை. கையிலிருந்து கைக்கு அப்பம், வாயிலிருந்து வாய்க்கு ஒரே கிண்ணம். எச்சில், தீட்டு என்று நம்மவர்கள் கட்டி வைத்திருந்த வேலி முழுவதையும் அந்த ஒரு கிண்ணம் தாண்டிப்போக வேண்டியிருந்தது.

தாண்டியதா என்றால், எளிதில் இல்லை. நான் இருப்பது கோட்டக்குப்பம். இங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் புதுச்சேரி சம்பா கோயில். அந்தக் கோயிலுக்குள் தீண்டப்படாதவர்களைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றியும் அதை இடித்ததால் வந்த ரகளையைப் பற்றியும் 1745ஆம் வருஷத்து நாட்குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். அது கத்தோலிக்கர்களின் கதை என்று புராட்டஸ்டன்டுகள் மூக்கைச் சுளிக்க வேண்டாம். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நம் ஆட்களும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது சபையை விட்டு எழுந்து போனவர்கள் ஏராளம்.

விட்டுவிட்டேன் என்று ஒருவன் சொன்னால் எப்படி நம்புவது? இந்த இடத்தில்தான் சாப்பாடு வருகிறது. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் ஒரு சோதனை வைத்தது. அன்பின் விருந்து என்று போட்டு, சமைப்பவர் தாழ்த்தப்பட்ட சாதிக்காரர், வந்து உட்கார்ந்து சாப்பிடு என்றது. உபதேசியார்களில் பலர் சாப்பிட மறுத்தார்கள், வேலையை இழந்தார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு இதையே பொது விதியாக்கியது: எந்தச் சாதிக் கிறிஸ்தவர் சமைத்ததையும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இருப்பவனைத்தான் சாதியை விட்டவன் என்று ஏற்க வேண்டும். லைப்சிக் லுத்தரன்களைத் தவிர ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். லைப்சிக்காரர்களிலும் கார்ல் ஓக்ஸ் என்று ஒருவர் இந்தச் சாதி விஷயத்தில் தன் மிஷனோடு முறித்துக்கொண்டு வெளியே வந்து, நம் தென்னாற்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகத் தொடங்கினார். அதன் தொடர்ச்சிதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

வெள்ளைக்காரர்களைத் தூக்கிப் பிடிக்க இதைச் சொல்லவில்லை. அவர்கள் பங்களாவில் அவர்களோடு மேஜையில் உட்கார்ந்த உபதேசியார் எத்தனை பேர் என்று கேட்டால் கதை வேறு மாதிரிப் போகும். சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விருந்துக்குக் கூப்பிடுவது அன்பா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் ஒரு விஷயம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. இந்த ஊரில் பாட்டுப் பாடினால் ஐக்கியம் வராது, ஜெபம் பண்ணினாலும் வராது. சாதி அடுப்பில் இருக்கிறது, பந்தியில் இருக்கிறது. அதை ஐக்கியத்தின் அளவுகோலாக வைத்தார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1860களிலிருந்து ஆற்காட்டுச் சேரிகள் குடும்பம் குடும்பமாகச் சபைக்கு வந்தபோது மிஷன் போட்ட நிபந்தனைகள் மூன்று: விக்கிரகத்தை விடு, ஓய்வுநாளை ஆசரி, செத்த மாட்டின் கறியைத் தின்னாதே. முதல் நாளே சேரியின் சட்டிக்குள் கையை விட்டுப் பார்த்த சபை இது. அந்தச் சட்டியைச் சபை சொன்னபடி மாற்றிக்கொண்டவர்களின் பேரப் பிள்ளைகள்தான் நாம் எல்லாரும். அந்தச் சட்டியில் சமைத்ததைச் சாப்பிட இன்றைக்கு நமக்கு நேரமில்லை.

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். கோட்டக்குப்பம் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். நடுநடுவே கிறிஸ்தவக் குடும்பங்கள், பாதிப் பேர் வாடகைக்கு. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் ரோட்டில் இருக்கிற எங்கள் சபைக்கு பஸ்ஸில் போய் வருகிறோம். சபையின் பெயர் இங்கே வேண்டாம். படிக்கிறவர்கள் தங்கள் சபையின் பெயரைப் போட்டுக்கொண்டாலும் பெரிய பிழை வராது. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டில் ஜெப ஐக்கியம். முறை வைத்து வீடு மாறும்.

தொடங்கிய காலத்தில் ஜெபம் முடிந்ததும் டீயும் பொறையும்தான். ஒரு வீட்டில் கேசரி கிண்டினார்கள். அடுத்த வீட்டில் கேசரியோடு பஜ்ஜி. அதற்கடுத்த வீட்டில் இட்லி, வடகறி. ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டையில் பிரியாணி வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை. பக்கத்து வீட்டு பாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க ஜெபத்துல வாசனை ஜாஸ்தியாயிட்டு வருது சார்.”

இதில் என்ன தப்பு, மனமுவந்து போடுகிறார்கள் என்பீர்கள். ஒரு வருஷத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முறைப் பட்டியலில் பதினான்கு வீடு இருந்தது. எட்டாயிற்று. வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா, ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி, சபையைக் கூட்டிப் பெருக்குகிற ஒரு அம்மா, இவர்கள் வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நழுவின. யாரும் நீக்கவில்லை. “இந்த மாசம் வேணாங்க, வீட்ல வசதிப்படாது,” என்று அவர்களே சொன்னார்கள். இரண்டு முறை சொன்னதும் பட்டியல் போடுகிறவர் மூன்றாம் முறை கேட்பதை விட்டுவிட்டார். வீட்டைக் கொடுக்க முடியாதவர்கள் அடுத்தவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவதற்குக் கூச்சப்பட்டார்கள். வருவதும் நின்றது. ஒரு பிரியாணி ஆறு குடும்பத்தை வெளியே தள்ளியதை எந்த மினிட்ஸிலும் நீங்கள் பார்க்க முடியாது. அதில் ‘பங்கேற்பு குறைவு, ஜெபிக்க வேண்டும்’ என்றிருக்கும்.

இதற்கு ஆவிக்குரிய காரணம் தேட வேண்டியதில்லை. டீயும் பொறையும் தவிர எதுவும் வைக்கக் கூடாது என்று ஒரு வரி தீர்மானம் போட்டால் பதினான்கு வீடும் திரும்பி வரும். நான் கேட்டேன். “மனுஷங்க சந்தோஷமா குடுக்கறத நாம எப்படி சார் தடுக்கறது?” என்றார்கள். யாருடைய சந்தோஷம் என்று கேட்டேன். பாட்டு நம்பர் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக் கதை சின்னது. பெரிய கதை பெண்கள் ஐக்கிய ஆண்டு விழா. எங்கள் டவுன் சபையின் கீழ் கிராம சபைகள் சில இருக்கின்றன. எல்லாம் காலனியில் இருப்பவை, எல்லாம் பழைய மிஷன் காலத்துச் சபைகள். ஒவ்வொரு வருஷமும் வேன் வைத்து அந்தப் பெண்களை அழைத்து வருவார்கள். கும்மிப் பாட்டு, கோலாட்டம், வசன ஒப்புவித்தல் எல்லாம் அவர்கள்தான். டவுன் பெண்கள் அறிக்கை வாசிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். விழா முடிந்ததும் கேட்டரிங்காரர் பின்பக்கம் பந்தல் போட்டு பஃபே வைப்பார். கூப்பன் முன்கூட்டியே விற்றாகிவிடும். போன வருஷம் கிராமத்துப் பெண்களை வாசல் பக்கமாக வேனில் ஏற்றி, ஆளுக்கு ஒரு பார்சல் கொடுத்து அனுப்பினார்கள். தயிர்சாதம் தனியாக ஒரு கவரில். எங்கள் வீட்டம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னதும் பொறுப்பாளர்களிடம் போய்க் கேட்டேன்.

“நேரமாயிட்டா அவங்களுக்கு வேன் வாடகை ஏறும் சார்.”

“டவுன்காரங்களும் பார்சலே வாங்கிட்டுப் போலாமே?”

“அது எப்படி சார், ஃபெலோஷிப்புன்னு ஒண்ணு இருக்கு இல்ல?”

இந்தப் பதிலைச் சொன்னவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. நல்ல மனுஷி. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக ஹாஸ்பிட்டலில் நிற்பார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டவர்கள் செய்கிற பிரிவினையைக் கண்டுபிடித்துவிடலாம். நேரம், வாடகை, கூப்பன் கணக்கு என்று நல்லவர்கள் ஏற்பாடு செய்கிற பிரிவினைக்கு நன்றி கூட அறிவிக்கிறோம். டீக்கடைத் தனி டம்ளருக்கு எதிராகத் தீர்மானம் போடுகிற நமக்கு, கையில் கொடுத்து வாசலோடு அனுப்புகிற அலுமினிய ஃபாயில் டப்பா எதன் தம்பி என்று தெரிய வேண்டாமா?

வேனில் ஏறிய ஒரு அம்மாவிடம் பிறகு பேசினேன். அவர் கோபப்படவில்லை. “எங்களுக்கென்னா ஐயா, வூட்டுக்குப் போயி புள்ளைங்களோட சாப்புட்டுக்கறோம். ஆனா ஒண்ணு, நாங்க அறுப்புப் பண்டிகைக்கு ஆக்குனா அவங்க வந்து குந்தி துன்ன மாட்டாங்க. கார்லயே வந்து கார்லயே போயிடுவாங்க. அவ்ளோதான்.” நான் நூறு வரியில் சொல்ல முயல்வதை அவர் அவ்ளோதான் என்று முடித்துவிட்டார்.

இதைச் சொன்னால் டவுனில் ஒரே ஒரு பதில் தயாராக இருக்கிறது. “நம்ம சபையில சாதியே கிடையாது சார். நாம எல்லாரும் ஒரே ஆளுங்கதானே?” உண்மைதான். தெற்கே போல நாலைந்து சாதி ஒரே சபையில் இருந்து அடித்துக்கொள்கிற கதை இங்கே குறைவு. டவுன் சபையில் இருப்பவர்களில் பெரும்பாலோரின் பாட்டி அந்தக் காலனியிலிருந்து வந்தவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, வாத்தியாராகி, நர்ஸாகி, கவர்ன்மென்ட் வேலைக்குப் போய், மெயின் ரோட்டில் வீடு கட்டியவர்கள். அதனால் சாதி இல்லை என்கிறார்கள். நான் சொல்வது இதன் நேர் எதிர். மற்றவன் நம்மோடு சாப்பிடாததற்கு அவனுக்குக் கற்பித்த வெறுப்பு காரணம். நாம் நம் பாட்டி வீட்டில் சாப்பிடாததற்கு நம் பயம் காரணம். அங்கே உட்கார்ந்தால் நாம் யார் என்று தெரிந்துவிடும் என்ற பயம். காலனி என்ற விலாசத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அந்த விலாசத்தில் பந்தி போட்டால் தொண்டைக்குள் இறங்காது. சாதி நமக்குள் இல்லை என்றால், இந்தப் பயத்துக்கு வேறு என்ன பெயர்?

இந்தப் பயத்துக்கு அரசாங்கமும் உதவி செய்கிறது. 1950இல் வந்த ஜனாதிபதி உத்தரவு, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது, அதுவும் கிடப்பில். ஆகவே கிராமத்தில் பல குடும்பங்களுக்கு இரண்டு பெயர். சர்டிபிகேட்டில் ஒன்று, ஜெபத்தில் ஒன்று. பிள்ளையின் படிப்புக்குப் பயந்து சபைப் பதிவேட்டில் பெயர் ஏற்றாமல் இருக்கிறார்கள். பதிவேட்டில் இல்லாதவருக்குச் சபைத் தேர்தலில் ஓட்டு இல்லை, ஐக்கியத்தில் பொறுப்பு இல்லை. ஆனால் கும்மிப் பாட்டுக்கு அவர்கள் வேண்டும். நான் நீதிமன்றத்தைத் திட்டலாம், டெல்லியைத் திட்டலாம், மேடையில் ஆயர்கள் அதைத்தான் ஆகஸ்ட் 10ஆம் தேதி கறுப்பு தினத்தில் செய்கிறார்கள், செய்ய வேண்டியதும்தான். டெல்லியைக் கேட்காமல் நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்பதுதான் என் பேச்சு.

ஒரே சாதி என்பதால் பிரச்சினை இல்லை என்பவர்களுக்கு, பல சாதி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பழைய விழுப்புரம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. எறையூரில் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிற இரண்டு சாதிக்காரர்களின் தகராறு 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். பிணம் போகிற பாதை, தனி ஆலயம், பங்கில் உரிமை, இவைதான் தகராறு. அவர்களும் ஒரே பலிபீடத்தில்தான் நன்மை வாங்கினார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்தார்களா என்று நான் கேட்க விரும்புவேன்.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தைக் குறை சொல்லும்போது அதன் பழைய பெருமையையும் சொல்லாவிட்டால் பாவம். பிடியரிசி என்று ஒன்று இருந்தது. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுவந்து எல்லாப் பிடியும் ஒரே மூட்டையில் சேரும். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, சொந்த நெல்லில் குத்தியது எல்லாம் கலந்து கிடக்கும். அதை விற்று உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்; சில சமயம் விற்காமல் ஆக்கிப் போட்டார்கள். படிக்கத் தெரியாத பெண்கள் நடத்திய நிதி நிர்வாகம் அது. யார் வீட்டு அரிசி எது என்று அந்தச் சோற்றில் பிரிக்க முடியாது. இன்று அந்த இடத்தில் அச்சடித்த கவர் இருக்கிறது. கவரில் பெயர் எழுதலாம், தொகை எழுதலாம், ஆண்டறிக்கையில் வரிசையாகப் போடலாம்.

தெற்கே திருநெல்வேலிப் பக்கம் அசனப் பண்டிகை என்று இன்றும் பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து ஊருக்கே போடுகிறார்கள். பார்க்கக் கண் குளிரும். ஒரே சாதிக்காரர்கள் நிறைந்த சபைகளில் அது எவ்வளவு எளிது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் அண்டா இருக்கிறது. எங்களிடம் அண்டாவும் இல்லை.

ரம்ஜான் மாதத்தில் எங்கள் கோட்டக்குப்பத்தில் மதியத்துக்கு மேல் பள்ளிவாசல் பக்கம் போய்ப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா எல்லாம் போட்டுக் கொதிக்கிற நோன்புக் கஞ்சி. தூக்குச் சட்டியோடு வரிசை நிற்கிறது. வரிசையில் நோன்பு இருக்கிறவரும் இருக்கிறார், இல்லாதவரும் இருக்கிறார். காடை எடுத்துக்கொண்டு போகிற வீட்டுப் பையனும் கூலிக்காரர் பையனும் ஒரே அகப்பையில் வாங்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் வருகிறது. அவர்களிடம் ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது அவர்களும் ஆயிரம் பார்க்கிறார்கள், பாயிடம் கேட்டால் அவரே சொல்வார். ஆனால் கஞ்சிக்குக் கூப்பன் கிடையாது. எந்த வீட்டிலும் கஞ்சியைப் பிரியாணியாக்கிப் போட்டி போட முடியாது. இந்த எளிமை தற்செயல் இல்லை, ஏற்பாடு. டீயும் பொறையும் போதும் என்று நான் கேட்டதும் இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டைத்தான்.

இப்போது எங்கள் சபையில் புதிதாக ஒரு திட்டம் ஓடுகிறது. ஐக்கிய மண்டபம். கீழே கார் நிறுத்த இடம், மேலே ஏசி ஹால், அதற்கும் மேலே டைனிங். வாடகைக்கு விட்டால் வருமானம் என்கிறார்கள். கிராம சபைகளுக்கும் பங்குத்தொகை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். காலனியில் இருக்கிற சிற்றாலயத்தின் ஓடு மழைக்கு ஒழுகுகிறது. அதை மாற்றுவது ‘இரண்டாம் கட்டம்’. வரைபடத்தைப் பார்த்தேன். லிஃப்ட் இருக்கிறது, மேடைக்குப் பின்னால் விருந்தினர் அறை இருக்கிறது. சமையலறை இல்லை. கேட்டரிங்காரர் வெளியே சமைத்துக்கொண்டு வந்துவிடுவாராம். ஐக்கியத்தின் பெயரால் கட்டுகிற கட்டடத்தில் அடுப்புக்கு இடமில்லை.

கமிட்டிக்கு நான் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீளமில்லை. ஒன்று, வீட்டு ஜெப ஐக்கியத்தில் டீயும் பொறையும் மட்டும். இரண்டு, வரும் அறுப்புப் பண்டிகை விருந்து டவுனில் வேண்டாம், கிராம சபை ஒன்றில், அங்கே இருக்கிறவர்கள் ஆக்கி, டவுன்காரர்கள் வேன் வைத்துப் போய், தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். செலவு டவுன் சபையுடையது. மூன்று, பார்சல் கிடையாது, யாருக்கும். நான்கு, மண்டபத்துக்கு முன்னால் ஓடு.

ஆயர் படித்துப் பார்த்தார். நல்ல ஐடியா, ஜெபிப்போம் என்றார். செயலர், “ஹைஜீன் ஒரு இஷ்யூ ஆகும் சார்,” என்றார். அவருடைய அம்மா அந்த ஊர்ச் சிற்றாலயத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் இருவரும் சற்று நேரம் நின்றோம்.

கமிட்டி அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு கூடுகிறது. தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட வேண்டுமானால் வழிமொழிய ஒருவர் வேண்டும். டவுனில் ஏழு பேரைக் கேட்டேன். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். கிராமத்திலிருந்து ஒருவர், அந்த வேனில் ஏறிப்போன அம்மாவின் மகன், நான் கேட்காமலேயே போன் செய்து தான் வழிமொழிவதாகச் சொன்னார். அவர் பெயர் பதிவேட்டில் இல்லை.